பள்ளியில் சேர்ப்பதும் படிப்பை முடிக்கவைப்பதும்: கேம்ஃபெட் தொண்டு நிறுவனத்தின் வழிமுறை

வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பு எந்த வகுப்பிலும் நின்றுபோகலாம். ஆனால் அதிகமாக நிற்கும் இடம் ஒன்று உண்டு: தொடக்கப் பள்ளி முடிந்து இடைநிலைப் பள்ளி தொடங்கும் இடம். ஆப்பிரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள நாடுகளில் இது தெளிவாகத் தெரிகிறது. தொடக்கப் பள்ளி நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. இடைநிலைப் பள்ளி பல ஊர்களுக்கு ஒன்றாக எங்கோ தள்ளி இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் கட்டணம் இல்லை, அல்லது சிறிதளவே உண்டு. இடைநிலைப் பள்ளியில் பருவந்தோறும் கட்டியாக வேண்டும் என்பதே நெடுங்காலம் நிலைமையாக இருந்தது. பிள்ளைக்கு அப்போது வயது பதின்மூன்று, பதினான்கு. வயலிலும் வீட்டிலும் அதன் உழைப்பு பயன்படத் தொடங்கிவிட்ட வயது. பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சு எழும் வயது.

இந்த இடத்தில் கைகொடுக்கும் தொண்டு நிறுவனங்கள் பல. அவற்றுள் கேம்ஃபெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெண்கல்வி இயக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் உள்ளது. 1993-இல் ஜிம்பாப்வேயின் ஒரு மூலையில் தொடங்கி, கானா, சாம்பியா, தான்சானியா, மலாவி ஆகிய நாடுகளுக்குப் பரவியது. பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தைத் தன் அனுபவத்தால் மாற்றிக்கொண்ட அமைப்பு அது. ஏழைப் பிள்ளை ஒன்று நான்காண்டு இடைநிலைப் படிப்பை முடிக்க என்னென்ன தேவை, அந்தத் தேவையை யார் அறிவார்கள், பணத்துக்கு யாரிடம் யார் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கேள்விகளுக்கு அதன் வரலாறு விடை தருகிறது.

மோலாவில் தெரிந்த உண்மை

ஜிம்பாப்வேயின் வடமேற்கில், கரீபா ஏரியின் தென்கரைப் பக்கம், மட்டுசடோனா தேசியப் பூங்காவை ஒட்டி மோலா என்ற ஊர்ப்பகுதி உள்ளது. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் டோங்கா மக்கள். சாம்பேசி ஆற்றின் குறுக்கே 1950-களின் பிற்பகுதியில் கரீபா அணை கட்டப்பட்டபோது, ஆற்றின் இரு கரையிலுமாக ஏறத்தாழ 57,000 டோங்கா மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஆற்றங்கரை வண்டல் நிலத்தை இழந்து, மழையும் வளமும் குறைந்த மேட்டுநிலத்தில் குடியேறிய அவர்களின் வாழ்க்கை அதற்குப் பிறகு எளிதாக இருக்கவில்லை.

நாட்டின் கல்வி நிலையோ இன்னொரு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1980-இல் விடுதலை பெற்றதும் ஜிம்பாப்வே அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. இடைநிலைப் பள்ளிகளை ஊர்ப்புறமெங்கும் திறந்தது. 1980-இல் ஒரு லட்சத்துக்கும் குறைவாக இருந்த இடைநிலை மாணவர் எண்ணிக்கை பத்தே ஆண்டுகளில் ஆறு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் 1991-இல் நடைமுறைக்கு வந்த பொருளாதாரச் சீரமைப்புத் திட்டம் அரசின் செலவைக் குறைக்கச் சொன்னது. பள்ளிச் செலவில் பெற்றோரின் பங்கு ஏறியது. அடுத்த ஆண்டே கடும் வறட்சி. மக்காச்சோள விளைச்சல் பொய்த்த வீட்டில் முதலில் நிறுத்தப்பட்ட செலவுகளில் ஒன்று பிள்ளையின் படிப்பு.

1991-இல் ஆன் காட்டன் என்ற வேல்ஸ் நாட்டுக் கல்வியாளர் ஆய்வுக்காக மோலாவுக்குச் சென்றார். இடைநிலைப் பள்ளியில் மாணவியர் மிகக் குறைவாக இருப்பது ஏன் என்பதே அவர் கேள்வி. பெண்களைப் படிக்கவைக்க ஊரார் விரும்புவதில்லை, அது அவர்கள் வழக்கம் என்பதே வெளியிலிருந்தவர்கள் பொதுவாகச் சொன்ன காரணம். குடும்பங்களோடு பேசிப் பார்த்தபோது அந்தக் காரணம் நிற்கவில்லை. பெண்ணையும் படிக்கவைக்க அவர்களுக்கு விருப்பம் இருந்தது. கையிலிருந்த காசு ஒரு பிள்ளைக்குத்தான் போதும். படித்தபின் சம்பள வேலை கிடைக்கும் வாய்ப்பு பையனுக்கே அதிகம் என்பதால் பையன் பள்ளிக்குப் போனான். கட்டணம் குறைவு என்பதற்காக ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நடந்து மோலா பள்ளிக்கு வந்து, தாங்களே குடிசையில் தங்கிப் படித்த இரண்டு சகோதரிகளையும் காட்டன் அங்கே சந்தித்தார். படிப்பின்மேல் அக்கறை இல்லாத சமூகத்தில் இப்படி நடக்காது.

இந்த முடிவு நடைமுறையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. தடை வழக்கம் என்றால் பிரச்சாரம் செய்ய வேண்டும். தடை வறுமை என்றால் செலவை ஏற்க வேண்டும். முதல் வழி ஊராரைத் திருத்தப்பட வேண்டியவர்களாகப் பார்க்கிறது. இரண்டாவது வழி அவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்கிறது.

32 மாணவியரிலிருந்து

இங்கிலாந்து திரும்பிய காட்டன், கேம்பிரிட்ஜ் சந்தையில் வீட்டில் செய்த கேக்குகளை விற்றும் நண்பர்களிடம் திரட்டியும் பணம் சேர்த்தார். அந்தப் பணம் முதலில் 32 மாணவியரின் படிப்புக்குப் போனது. 1993-இல் கேம்ஃபெட் முறையான தொண்டு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. 1998-இல் கானாவிலும், பின்னர் சாம்பியா, தான்சானியா, மலாவி நாடுகளிலும் வேலை தொடங்கியது.

ஜிம்பாப்வேயில் கேம்ஃபெட் உதவியால் படித்த முதல் மாணவியரில் ஒருவர் ஆஞ்செலின் முரிமிர்வா. அவர் பின்னாளில் அமைப்பின் ஆப்பிரிக்கப் பணிகளுக்குத் தலைமை வகித்து, 2023-இல் அதன் தலைமைச் செயல் அலுவலர் ஆனார். உதவி பெற்றவர் உதவி தரும் அமைப்பின் தலைவராவது அறக்கொடை உலகில் அரிது. காட்டனுக்கு 2014-இல் கத்தார் நாட்டின் வைஸ் கல்விப் பரிசும், முரிமிர்வாவுக்கும் அப்போதைய தலைவர் லூசி லேக்குக்கும் 2020-இல் யீடான் பரிசும், அமைப்புக்கு 2021-இல் ஹில்டன் மனிதநேயப் பரிசும் கிடைத்தன.

தொடக்க ஆண்டுகளின் சூழல் கடுமையானது. 1990-களின் இறுதியில் ஜிம்பாப்வேயில் வயதுவந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. தாய் தந்தையை இழந்த பிள்ளைகள் பாட்டியிடமோ, மூத்த அக்காவிடமோ வளர்ந்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்றவள் பெரும்பாலும் மூத்த பெண். கேம்ஃபெட் தேடிச் சென்றது இத்தகைய வீடுகளை.

செலவின் முழுப் பட்டியல்

இடைநிலைப் படிப்பின் செலவு என்றதும் நினைவுக்கு வருவது பருவக் கட்டணம். ஜிம்பாப்வேயில் ஏழு ஆண்டுத் தொடக்கக் கல்விக்குப் பின் ‘ஃபார்ம் 1’ முதல் ‘ஃபார்ம் 4’ வரை நான்கு ஆண்டு படித்து, சாதாரண நிலைத் தேர்வு எழுத வேண்டும். அந்த நான்காண்டிலும் மூன்று பருவத்துக்கும் கட்டணம் உண்டு. அதைக் கட்டாத பிள்ளையைப் பருவத்தின் நடுவே வீட்டுக்கு அனுப்பிவிடுவது பல நாடுகளில் வழக்கம். இரண்டு வாரம் கழித்துப் பணத்தோடு திரும்பினாலும் விட்டுப்போன பாடம் திரும்பாது. ஆகவே கட்டணம் உரிய நாளில் பள்ளிக்குப் போய்ச்சேர்வதே முதல் உதவி.

ஆனால் கட்டணம் கட்டப்பட்ட பிள்ளையும் வீட்டில் தங்கிவிடுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. சீருடை இல்லையென்றால் வகுப்பில் உட்கார முடியாது. காலணி, நோட்டு, பேனா, கணக்குக்கான வடிவியல் பெட்டி, சோப்பு எல்லாம் தனித்தனியே சிறிய செலவு. ரொக்கக் காசையே அரிதாகப் பார்க்கும் வீட்டில் சேர்ந்தால் பெரிய செலவு. மாதவிடாய் நாட்களில் அணையாடை இல்லாத பெண் அந்த நாட்களில் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். பள்ளி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால், விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்ப வேண்டும். வழியில் ஆபத்தும் உண்டு. நான்காம் ஆண்டு முடிவில் பொதுத் தேர்வுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். மற்ற எல்லாம் கட்டி நான்காண்டு படித்தவர், இந்த ஒரு தொகை இல்லாமல் தேர்வு எழுதாமல் போனால் சான்றிதழ் கிடையாது.

கேம்ஃபெட் தரும் உதவி இந்தப் பட்டியலைப் பின்பற்றியே அமைந்தது. கட்டணமும் தேர்வுப் பணமும் பள்ளிக்குச் செலுத்தப்படுகின்றன. சீருடை, காலணி, எழுதுபொருள், அணையாடை ஆகியவை பொருளாகவே மாணவிக்குத் தரப்படுகின்றன. தொலைவு அதிகமான இடங்களில் சைக்கிளோ விடுதிச் செலவோ சேர்கிறது.

தங்குமிடம் தனியே கவனிக்க வேண்டியது. விடுதி இல்லாத பள்ளிகளுக்கு அருகே, மாணவியர் சிலர் சேர்ந்து ஓர் அறையோ குடிசையோ வாடகைக்கு எடுத்துத் தாங்களே சமைத்துப் படிக்கும் வழக்கம் மலாவி, தான்சானியா, ஜிம்பாப்வே நாடுகளில் பரவலாக உண்டு. பெரியவர் துணையில்லாத பதினான்கு வயதுப் பெண்களை அங்கே பசியும் அச்சமும் பாலியல் சுரண்டலும் சூழ்ந்திருக்கின்றன. கட்டணத்தை மட்டும் தந்து மாணவியை அங்கே அனுப்பும் உதவி, அவளை வறுமையிலிருந்து எடுத்து வேறொரு ஆபத்தில் விடுகிறது.

உதவியின் காலமும் அளவைப்போல முக்கியமானது. ஓராண்டு உதவி பெற்று, அடுத்த ஆண்டு கிடைக்குமா என்று தெரியாத குடும்பம் அந்த ஆண்டுப் படிப்பை நம்பி எதையும் திட்டமிடாது. நல்ல வரன் வந்தால் பெண்ணைக் கொடுத்துவிடும். ‘ஃபார்ம் 4’ முடியும்வரை உதவி உண்டு என்று முதல் நாளே உறுதி தரப்பட்டால், அதே குடும்பம் நான்காண்டைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. பலவாண்டு வாக்குறுதி தரும் நிறுவனம் அதற்கான பணத்தை முன்னரே ஒதுக்கிவைக்க வேண்டியிருப்பதால், புதிதாகச் சேர்க்கும் மாணவர் எண்ணிக்கை குறையும். குறைந்த பேருக்கு முழு உதவியா, அதிகப் பேருக்கு அரைகுறை உதவியா என்ற கேள்வியில் கேம்ஃபெட் முதலாவதைத் தேர்ந்தது.

யாருக்கு என்பதை யார் முடிவுசெய்வது

உதவி வேண்டுவோர் எப்போதும் பணத்தின் அளவை மிஞ்சுவார்கள். ஆகவே தேர்வு தவிர்க்க முடியாதது. அதற்கு இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதல் வழி மதிப்பெண். கென்யாவில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டுகள் உண்டு. அங்கே 2023 வரை நடந்த தொடக்கக் கல்வி நிறைவுத் தேர்வு 500 மதிப்பெண்ணுக்கானது. ஈக்விட்டி வங்கியின் அறக்கட்டளையும் மாஸ்டர்கார்டு அறக்கட்டளையும் 2010-இல் தொடங்கிய ‘விங்ஸ் டு ஃப்ளை’ திட்டம், வறிய வீட்டில் பிறந்து பொதுவாக 350-க்கு மேல் எடுத்த பிள்ளைகளைத் தேர்ந்து, நான்காண்டு விடுதிச் செலவு முதல் பயணச் செலவு வரை ஏற்றது. இன்னும் சிறிய அளவில் இதையே செய்வது ஹில்டே பாக் கல்வி நிதி. அதன் பிறப்பு வியப்பானது. கென்ய ஊர்ப்புறத்தைச் சேர்ந்த கிறிஸ் முபுரு என்ற சிறுவனின் இடைநிலைப் படிப்புக்குச் சுவீடனிலிருந்து ஒருவர் பருவத்துக்கு ஏறத்தாழ 15 டாலர் அனுப்பிவந்தார். முபுரு நைரோபியிலும் ஹார்வர்டிலும் சட்டம் படித்து, ஐக்கிய நாடுகள் அவையில் மனித உரிமைப் பணியில் சேர்ந்தார். 2001-இல் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு நிதியைத் தொடங்கி, பணம் அனுப்பியவரின் பெயரையே அதற்கு வைத்தார். பின்னர்தான் அந்தச் சுவீடன் ஆசிரியை, நாஜிகளிடமிருந்து தப்பிவந்த ஜெர்மன் யூதர் என்பதும், அவருடைய பெற்றோர் வதைமுகாம்களில் மாண்டவர்கள் என்பதும் தெரியவந்தன. 2010-இல் வெளிவந்த ‘எ ஸ்மால் ஆக்ட்’ என்ற ஆவணப்படம் இந்த வரலாற்றைச் சொல்கிறது.

மதிப்பெண் வழி எளிது. ஊழலுக்கு இடம் குறைவு. கொடையாளருக்கு வெற்றிக் கதைகள் கிடைக்கும். அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. காலையில் தண்ணீர் எடுத்து, தம்பி தங்கையைக் கவனித்து, மாலையில் விளக்கில்லாத வீட்டுக்குத் திரும்பும் பெண்ணின் 240 மதிப்பெண்ணும், புத்தகமும் நேரமும் கிடைத்த பையனின் 360 மதிப்பெண்ணும் திறமையை மட்டும் காட்டுவதில்லை. மதிப்பெண் கோட்டை உயர்த்த உயர்த்த, ஏழைகளிலும் சற்றே வசதியான ஏழைகள்தான் உள்ளே வருவார்கள். கட்டணம் இல்லாமல் முதலில் நிற்கப்போகும் பிள்ளை கோட்டுக்கு வெளியே நின்றுவிடும்.

இரண்டாவது வழி தேவை. கேம்ஃபெட் எடுத்துக்கொண்டது இதைத்தான். யார் மிகவும் வறியவர் என்பதை லண்டனிலோ ஹராரேயிலோ உட்கார்ந்து முடிவுசெய்ய இயலாது. ஊருக்குத் தெரியும். ஆகவே பள்ளி அளவில் ஒரு குழு, மாவட்ட அளவில் ஒரு சமூக மேம்பாட்டுக் குழு என இரண்டு அடுக்குகள் அமைக்கப்பட்டன. தலைமை ஆசிரியர், பெற்றோர், ஊர்த்தலைவர், சுகாதாரப் பணியாளர், காவல்துறையினர், கல்வி அலுவலர், முன்னாள் மாணவியர் ஆகியோர் இவற்றில் ஊதியமின்றிப் பணியாற்றுகிறார்கள். பெற்றோரை இழந்தவர், பிள்ளையே குடும்பத் தலைவராக இருக்கும் வீடு, மாற்றுத்திறனாளி, ஏற்கெனவே இடைநின்றவர் எனத் தேவைக்கு அளவுகோல்கள் வகுக்கப்படுகின்றன.

இந்த முறையிலும் ஆபத்து உண்டு. குழுவில் இருப்பவர் தன் உறவினர் பிள்ளையைச் சேர்த்துவிடலாம். ஊர்த்தலைவரின் சொல்லுக்கு மறுப்புச் சொல்ல மற்றவர்கள் தயங்கலாம். இதற்குச் சட்டதிட்டம் மட்டும் மருந்தாகாது. முடிவை ஒரே ஆளிடம் விடாமல் பலதரப்பட்டோரிடம் விடுவதும், யாருக்கு என்ன உதவி வர வேண்டும் என்பதை ஊரறியச் செய்வதுமே காவல். என்னென்ன தனக்கு உரியது என்று மாணவிக்கும் அவள் வீட்டாருக்கும் தெரிந்திருந்தால், சீருடை வராதபோது ஏன் வரவில்லை என்று கேட்க முடியும்.

கொடையாளரும் மாணவியும்

ஒரு பிள்ளைக்கு ஒரு புரவலர் என்ற முறை கேம்ஃபெட்டுக்கு மிக முந்தையது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் அகதிகளான சிறுவர்களுக்காக 1937-இல் ஜான் லாங்டன் டேவிஸ், எரிக் மக்கரிட்ஜ் ஆகிய ஆங்கிலேயர் இருவர் தொடங்கிய அமைப்பே இன்றைய பிளான் இன்டர்நேஷனல். கொரியப் போர்க்கால அனாதைகளுக்காக 1952-இல் கம்பாஷன் தொடங்கியது. 1972-இல் தொடங்கிய ஆக்‌ஷன் எய்ட், இந்தியாவிலும் கென்யாவிலும் 88 பிள்ளைகளுக்கு 88 புரவலர்களைத் தேடிக்கொடுத்தது. பிள்ளையின் புகைப்படமும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கடிதமும் புரவலருக்கு வரும். பெயரும் முகமும் தெரிந்த ஒரு பிள்ளைக்காகப் பணம் அனுப்புகிறோம் என்ற நிறைவு, மாதாமாதம் தவறாமல் பணம் வரக் காரணமாகிறது.

அந்த முறையின் பலவீனங்களும் நாளடைவில் தெரிந்தன. 1998-இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் செய்தியாளர்கள் தாங்களே சில பிள்ளைகளுக்குப் புரவலர்களாகச் சேர்ந்து, பின்பு நேரில் போய்ப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை இறந்து நெடுநாளாகியும் பணம் வாங்கப்பட்டுவந்தது தெரிந்தது. வேறு பிள்ளைகளுக்குக் கிடைத்த உதவி அற்பமாக இருந்தது. இந்த முறையில் வேறு சிக்கல்களும் உண்டு. ஒரே வகுப்பில் ஒருத்திக்குப் புரவலர் பரிசு வரும், பக்கத்தில் இருப்பவளுக்கு வராது. நன்றிக் கடிதம் எழுதுவது பிள்ளையின் கடமையாகிறது. தன் வறுமையைத் தெரியாத ஒருவருக்கு எடுத்துக்காட்டுவது அதன் தகுதியாகிறது. புகைப்படமும் ஊர்ப்பெயரும் வெளியே போவதால் பாதுகாப்புக் கேள்வியும் எழுகிறது. பெரிய நிறுவனங்கள் பலவும் இதனால், புரவலர் பணத்தை ஊர்ப் பொதுவேலைக்குச் செலவிடும் முறைக்கு மாறின.

கேம்ஃபெட் தனிப்பட்ட கொடையாளரைத் தனிப்பட்ட மாணவியோடு இணைப்பதில்லை. பணம் பொதுவாகச் சேர்கிறது. ஊர்க் குழு தேர்ந்தவருக்குப் போகிறது. கணக்குச் சொல்லும் திசையும் மாறுகிறது. வழக்கமாகத் தொண்டு நிறுவனம் கொடையாளருக்கு அறிக்கை அனுப்பும். உதவி பெற்றவரிடம் கணக்குச் சொல்வதில்லை. லிங்க்லேட்டர்ஸ் என்ற சட்ட நிறுவனம் கேம்ஃபெட்டின் நிர்வாக முறையை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட அறிக்கை, மாணவியிடம் கணக்குச் சொல்வதையே அதன் மையக் கொள்கையாக எடுத்துக்காட்டியது. உதவி என்பது சலுகை என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு நகர்வது இங்கேதான்.

பாதுகாப்பும் இதன் பகுதியே. கூட்டாளிப் பள்ளி ஒவ்வொன்றிலும் வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் பயிற்சி பெற்றிருப்பார். மாணவி பள்ளிக்கு வராவிட்டால் விசாரிப்பது, வீட்டுப் பிரச்சினையைக் கேட்பது, துன்புறுத்தல் நடந்தால் உரியவர்களுக்குத் தெரிவிப்பது அவர் வேலை. அன்னையர் ஆதரவுக் குழுக்கள் பள்ளியில் உணவு சமைப்பது, தையல் வேலையிலும் தோட்டத்திலும் வரும் காசில் இன்னும் சில பிள்ளைகளுக்கு உதவுவது என்று தாமாகவே வளர்ந்தன.

படித்து முடித்தவர்களின் பங்கு

‘ஃபார்ம் 4’ முடித்த பெண் ஊருக்குத் திரும்பும்போது ஒரு வெறுமை காத்திருந்தது. சான்றிதழ் இருந்தது, வேலை இல்லை. கல்லூரிக்கு வழியில்லை. படித்தும் என்ன பயன் என்று ஊரார் கேட்டால், அடுத்த வீட்டுப் பெண்ணின் படிப்புக்கும் அது கேடு. இந்தச் சூழலில் முதல் தொகுதி மாணவியர் 1998-இல் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். முதலில் காமா என்று அழைக்கப்பட்ட அது, இப்போது கேம்ஃபெட் சங்கம் எனப்படுகிறது. அதன் உறுப்பினர் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. சிறுதொழில் பயிற்சி, உடல்நலக் கல்வி, கடனுதவி ஆகியவற்றோடு, ஒவ்வோர் உறுப்பினரும் தன் சொந்தக் காசில் வேறு பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் சங்கத்தின் வழக்கமாகியது. அத்தையாகவோ சித்தியாகவோ இல்லாத ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தருவது, ஊரில் ஏற்கெனவே இருந்த பரஸ்பர உதவிப் பழக்கத்தின் நீட்சிதான்.

இதன் ஒழுங்கான வடிவம் கற்போர் வழிகாட்டித் திட்டம். பள்ளி முடித்த இளம்பெண் தன் ஊர்ப் பள்ளிக்குத் தன்னார்வலராகத் திரும்பி, ‘மை பெட்டர் வேர்ல்ட்’ என்ற வாழ்க்கைத்திறன் பாடத்தை மாணவ மாணவியர் இருபாலருக்கும் நடத்துகிறார். தன்னம்பிக்கை, படிக்கும் முறை, உடல்நலம், இலக்கு வகுத்தல் ஆகியவை அதில் அடங்கும். யாராவது பள்ளிக்கு வராமல் நின்றால் அவர் வீட்டுக்கே போய் அழைத்துவருவார். இந்த உழைப்புக்குச் சம்பளம் இல்லை. பயன் இரண்டு உண்டு. பியர்சன் நிறுவனத்தின் பிடெக் தொழிற்கல்விச் சான்றிதழ் பெறலாம். அது ஆசிரியர் பயிற்சிக்குப் போக உதவுகிறது. கீவா என்ற இணையவழி நிதியமைப்பின் மூலம் தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் பெறலாம். வட்டிக்கு ஈடாகப் பள்ளியில் செய்யும் தொண்டு கணக்கிடப்படுகிறது. வேளாண்மையில் பயிற்சி பெற்ற உறுப்பினர்கள் வறட்சியைத் தாங்கும் பயிர்முறையைச் சுற்றியுள்ள உழவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். அதற்கு 2019-இல் ஐ.நா. காலநிலைச் செயல்பாட்டு விருது கிடைத்தது.

வழிகாட்டி வெளியூர்க்காரர் அல்ல என்பதே இதன் வலிமை. பசியோடு வகுப்பில் உட்கார்ந்தவர், கட்டணம் கட்டாமல் திருப்பி அனுப்பப்பட்டவர், அதே வழியே நடந்தவர் அவர். மாணவி மறைக்கும் காரணத்தை அவரால் ஊகிக்க முடிகிறது.

ஆய்வுகள் சொல்வது

நல்ல எண்ணத்தோடு செய்த செலவெல்லாம் பயன் தந்துவிடுவதில்லை. இடைநிலைக் கல்வி உதவித்தொகையின் விளைவை அளந்த ஆய்வுகள் சில உண்டு.

கானாவில் எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டுப்பா, மைக்கேல் கிரேமர் ஆகியோர் 2008-இல் தொடங்கிய ஆய்வு அவற்றுள் முதன்மையானது. மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் பணமின்றிச் சேர முடியாத 2,064 இளையோரில் 682 பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு முழுக் கட்டண உதவி பெற்றார்கள். படிப்பை முடித்தோரின் பங்கு உதவி பெற்றவர்களிடம் கணிசமாக உயர்ந்தது. உதவி பெற்ற பெண்கள் தாமதமாகவே திருமணம் செய்து, குறைவான பிள்ளைகளைப் பெற்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் உயிர்பிழைப்பும் அறிவுத்திறனும் மேம்பட்டிருப்பதைப் பிந்தைய ஆய்வு காட்டியது. வருமானத்தில் மட்டும் எதிர்பார்த்த அளவு ஏற்றம் உடனே வரவில்லை. சம்பள வேலை குறைவான நாட்டில் சான்றிதழ் மட்டும் வேலையை உண்டாக்குவதில்லை.

புரவலர் முறைக்கும் ஆதாரம் உண்டு. புரூஸ் வைடிக், பால் கிளெவ், லைன் ரட்லெட்ஜ் ஆகியோர் கம்பாஷன் திட்டத்தை இந்தியா, கென்யா, உகாண்டா உள்ளிட்ட ஆறு நாடுகளில் 10,144 பேரிடம் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். புரவலர் உதவி பெற்றவர்கள் ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி இடைநிலைப் படிப்பில்தான். பணத்தோடு பிள்ளையின் எதிர்பார்ப்பும் உயர்ந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

மலாவியின் சோம்பா மாவட்டத்தில் 2008, 2009 ஆண்டுகளில் நடந்த சோதனை வேறொரு பாடம் தந்தது. பள்ளிக்குப் போனால்தான் பணம் என்ற நிபந்தனை, வருகையையும் கற்றலையும் அதிகம் உயர்த்தியது. நிபந்தனையின்றிப் பணம் பெற்றவர்களிடமோ, பள்ளியை விட்டு நின்றபோதும், இளவயதுத் திருமணமும் கருவுறுதலும் குறைந்தன. நிபந்தனையை மீறியவரைத் திட்டத்திலிருந்து நீக்கும்போது, உதவி மிகவும் தேவைப்படுபவரே நீக்கப்படுகிறார் என்பது இதிலிருந்து தெரிகிறது.

தான்சானியாவில் கேம்ஃபெட் திட்டத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரிக்கார்டோ சபாதெஸ், பாலின் ரோஸ் உள்ளிட்டோர் ஆராய்ந்தனர். மிக வறிய மாணவியரைத் தேடிச் சேர்ப்பதால் தலைக்குச் செலவு அதிகம். ஆனாலும் கற்றலில் கிடைத்த பயனையும், பணவுதவி பெறாத மற்ற மாணவ மாணவியரும் வழிகாட்டி வகுப்பால் பெற்ற பயனையும் சேர்த்துப் பார்த்தால், செலவுக்குப் பயன் குறையவில்லை என்பது அவர்கள் முடிவு.

உதவித்தொகையால் ஆகாததும் உண்டு. 2008-இல் ஜிம்பாப்வேயின் பணவீக்கம் கணக்கிட முடியாத உயரத்துக்குப் போனபோது ஆசிரியர் சம்பளம் பேருந்துக் கட்டணத்துக்கும் போதவில்லை. ஆசிரியர்கள் தென்னாப்பிரிக்காவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் போனார்கள். ஊர்ப்புறப் பள்ளிகளில் பெரும்பாலானவை மூடிக்கிடந்தன. கற்பிக்க ஆளில்லாத பள்ளிக்குக் கட்டணம் கட்டிப் பயனில்லை. தொண்டு நிறுவனம் அரசுப் பள்ளியின்மேல் நின்றுதான் வேலைசெய்ய முடியும். அரசுப் பள்ளிக்கு மாற்றாக அது ஆக முடியாது.

கட்டணம் நீங்கிய பிறகு

கடந்த பத்தாண்டுகளில் இந்நாடுகளின் கொள்கை வேகமாக மாறியது. தான்சானியா 2016-இல் நான்காண்டு இடைநிலைப் படிப்புக்குக் கட்டணத்தை நீக்கியது. கானா 2017-இல் மேல்நிலைப் பள்ளியை இலவசமாக்கியது. சாம்பியா 2022-இல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணத்தை நீக்கியது. கருவுற்ற மாணவியரைப் பள்ளியிலிருந்து விலக்குவதை ஜிம்பாப்வே 2020-இல் சட்டத்தால் தடுத்தது. பிள்ளை பெற்ற மாணவியர் திரும்பிவர தான்சானியா 2021-இல் வழிதிறந்தது.

கட்டணம் நீங்கியதும் வகுப்பறைகள் நிரம்பின; ஆசிரியரும் இருக்கையும் அந்த வேகத்தில் கூடவில்லை. சீருடை, பயணம், தங்குமிடம், அணையாடை, உணவு ஆகிய செலவுகள் வீட்டின் மேலேயே இருந்தன. கட்டணத்தை மட்டும் கட்டிவந்த தொண்டு நிறுவனத்துக்கு இந்த நாடுகளில் வேலை குறைந்தது. படிப்பின் முழுச் செலவையும், மாணவியின் பாதுகாப்பையும், பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கையையும் கணக்கில் எடுத்த நிறுவனத்துக்கு வேலை தொடர்ந்தது. ஜிம்பாப்வேயில் இடைநிலைக் கட்டணம் நீடிப்பதால், அங்கே பழைய வேலையும் புதிய வேலையும் சேர்ந்தே நடக்கின்றன.

இத்தகைய நிறுவனம் ஒன்றை எடைபோட வேண்டுமானால் பார்க்க வேண்டியவை நான்கு. எத்தனை பேரைச் சேர்த்தது என்பதைவிட, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இறுதித் தேர்வு எழுதினார்கள் என்பது முதலாவது. தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஊராரிடம் இருக்கிறதா என்பது இரண்டாவது. தனக்கு உரியது என்ன என்று மாணவிக்குத் தெரிந்து, கிடைக்காதபோது கேட்க வழியிருக்கிறதா என்பது மூன்றாவது. படித்து முடித்தவர்கள் நிறுவனத்தின் முடிவுகளில் பங்கு பெறுகிறார்களா என்பது நான்காவது. இந்த நான்கும் உள்ள இடத்தில், கொடையாளர் மாறினாலும் அரசின் கொள்கை மாறினாலும், தொடங்கிய படிப்பு முடிவுவரை போவதற்கான வாய்ப்பு அதிகம்.